பெரியவனுக்கு மூடி வைத்த கிளாஸ்

சின்னவனே,

‘இங்கே எல்லாரும் சௌக்கியம்’ என்று எழுதித்தான் கடுதாசியைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் வாத்தியார் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் பாரத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தும் எனக்குத் தேறிய பாடம் அது ஒன்றுதான். இன்றைக்கு அந்த ‘எல்லாரும்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மை காய்ந்து, உதறி, மறுபடி தொட்டு, இப்போதுதான் அடுத்த வரிக்கு வந்திருக்கிறேன். நீ ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டிலிருந்து எழுதிக் கேட்டதும் அதைத்தானே. நம் வீட்டில் எல்லாரும் என்றால் யார் யார்?

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பர்மாவுக்குப் போய்த் திரும்பாத உன் அண்ணன் ஏழுமலையின் பெயரைப் பத்திரிகையில் போடுவதா, அல்லது கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்துபோனவர்களுக்கெல்லாம் புதுத்துணி வைத்துப் படைப்போமே, அதில் அவனுக்கும் ஒரு துணி வைப்பதா என்று சம்பந்தி கேட்கிறார். ‘நைனா, நீயே ஒரு முடிவு சொல்லிடு’ என்று நீ எழுதிவிட்டாய். உன் அப்பனைப் பற்றி உனக்கு எவ்வளவு பெரிய எண்ணம் பார். அடையாற்றுப் பங்களாவில் துரை சொன்னதைச் செய்தேன், மயிலாப்பூர் வீட்டில் உன் அம்மா சொன்னதைச் செய்தேன். முடிவு சொல்லும் உத்தியோகத்தை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஆனாலும் இதற்குப் பதில் எழுத வேண்டும். எழுதப் போனால் ஒரு வெள்ளை ஒயினைப் பற்றித்தான் எழுத வருகிறது. மதுவிலக்கு வந்துவிட்ட ஊரில் அப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று சிரிக்காதே. படித்துவிட்டு எஞ்சின் அடுப்பில் போட்டுவிடு.

முதலில் உன் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் மனத்தாங்கல் வைக்காதே. போன வாரம் சிந்தாதிரிப்பேட்டையில் அவருடைய தகரப்பெட்டிப் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறை என்றால் உனக்குத் தெரியும், தட்டுகிற சத்தத்தில் கத்தாமல் பேச முடியாது. “இன்னா சம்பந்தி, கேக்கறேன்னு கோச்சுக்காத. பெரியவன் கீறானா, இல்லியா?” என்று கத்தினார். அவர் கத்திய நேரம் பார்த்து வேலைக்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் குரலை இறக்கிக்கொண்டு, “இருந்தா பத்திரிகையில போடு. இல்லாங்காட்டி படையல்ல வெய்யி. ரெண்டுமில்லாம நடுவுல தொங்கவுட்டா நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்கு ஆவாது, அத்தச் சொல்றேன்” என்றார். “வூட்ல கேட்டுச் சொல்றேன்” என்றேன். “யாரை, பெரியவனையா?” என்று கேட்டுவிட்டார். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “யாருப்பா அங்க, சம்பந்திக்கு டீ சொல்லு” என்றார். அந்த டீயை நான் குடித்து முடிக்கும் வரைக்கும் யாரும் தகரத்தைத் தட்டவில்லை. பெண் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். அவர் கேட்டதில் தப்பில்லை. என்னிடம் பதில் இல்லாததுதான் தப்பு.

இனி ஒயின். நான் பட்லர் வேலை பார்த்த பங்களா அடையாற்றைப் பார்த்தாற்போல் இருந்தது, நீ இரண்டொரு தடவை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாய். சமையற்கட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உள்ளே மாடிப்படிக்கு அடியில் ஒரு இருட்டறை உண்டு. ஈரச் சாக்கு தொங்கவிட்டு, துரை அதில் தன் பாட்டில்களைப் படுக்கவைத்திருப்பார். விஸ்கி, பிராந்தியெல்லாம் வெளியே அலமாரியில் நிற்கும், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அது. உள்ளே படுத்திருப்பது ஒரே சாதிதான். பழுப்பு நிறத்தில், கொக்குக் கழுத்து போல நீண்ட பாட்டில். ஹாக் என்பார்கள். ஜெர்மனி தேசத்தில் ஒரு பெரிய ஆற்றங்கரையில், ஆள் ஏறினால் சறுக்குகிற மலைச்சரிவில், கல்லுக்கு நடுவே விளைகிற ஒரு வெள்ளைத் திராட்சையிலிருந்து செய்தது. திராட்சைக்கு ரீஸ்லிங் என்று பெயர். துரை கல்யாணமான புதிதில் துரைசானியோடு அந்தக் கரையில் நடந்து போனாராம். பழம் சின்னதாக, பச்சையும் மஞ்சளுமாக, மேலே சிட்டிகை மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளியோடு இருக்குமாம். மற்றக் கொடியெல்லாம் பழுத்துப் பறித்து ஆன பிறகும் இது குளிரில் நின்றுகொண்டு, பழுப்பேனா மாட்டேனா என்று இருக்குமாம். “அங்கே வெயில் கஞ்சப்பயல், பட்லர். கொஞ்சம் குடுக்கும். இந்தப் பழம் அதைச் செலவு பண்ணாமே உள்ளே வெச்சுக்கும்” என்பார் தம்முடைய தமிழில். யுத்தம் வந்த பிறகு கிளப்பில் அவரைக் கேலி செய்தார்கள், எதிரி நாட்டு ஒயினைக் குடிக்கிறாயே என்று. திராட்சைக் கொடிக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கிளப்புக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

நானும் ருசி பார்த்திருக்கிறேன். பார்த்ததே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், உன் அம்மா கேட்டால் சிரிப்பாள். புதுசாக இருக்கும்போது தண்ணீர் போல வெளுப்பு, எலுமிச்சைப் பூ வாசனை, நாக்கின் இரண்டு ஓரத்தையும் கிள்ளுகிற புளிப்பு. புளியோதரை தின்று வளர்ந்த நாக்குக்கு இதில் என்ன மகிமை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு நாள் விருந்து. துரை படுத்திருந்ததிலேயே பழைய பாட்டில் ஒன்றை எடுத்துத் திறந்துவைக்கச் சொன்னார். திருகிக் கார்க்கை எடுத்து மோந்து பார்த்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், அரிக்கன் விளக்கில் ஊற்றுகிற அதே மண்ணெண்ணெய். எந்தப் படுபாவியோ மண்ணெண்ணெய்ப் பாட்டிலில் ஒயினை அடைத்துவிட்டான், குடித்தால் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் கூண்டோடு கைலாசம் என்று நினைத்து, பின்பக்கம் போய் வாழைக்கன்றுக்கு அடியில் கொட்டிவிட்டு வந்தேன். வந்ததோடு விட்டேனா? விருந்தாளிகள் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். துரை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் கொஞ்சம் நிஜமான அழுகையும் இருந்திருக்கும். “அது கெட்டுப் போகலே, பட்லர். அது வயசாச்சு. இந்தத் திராட்சை வயசானா இந்த வாசனைதான் வரும். மெட்ராஸ் சூட்டிலே சீக்கிரம் வரும், என்னைப் போலே” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நீ எங்கேயோ கில்லி ஆடப் போயிருந்தாய். ஏழுமலை அப்போது ராயபுரத்தில் மண்ணெண்ணெய் டின் அடைக்கிற யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவன் வருவதற்கு முன்னால் அவன் வாசனை சந்து முனையில் திரும்பிவிடும். உன் அம்மா சீயக்காயை அரைத்துக் கொடுத்தும் போகாது. என் கதையைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தவன், போட்டிருந்த சட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்தான். “நைனா, இத்தப் புழிஞ்சு துரைக்கு ஒரு கிளாஸ் ஊத்து. நல்ல வயசான சரக்குன்னு குடிச்சிடுவாரு” என்றான். உன் அம்மாவும் சிரித்தாள். அவள் வாயை மூடாமல் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு எண்ணெய்க் கம்பெனியிலேயே ரங்கூனுக்கு ஆள் எடுத்தார்கள். துறைமுகத்தில் நீயும் நானும் வழியனுப்பினோமே, அவனுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நீ முன்னால் ஓடினாய்.

மற்றது உனக்குத் தெரியும். ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜப்பான்காரன் இங்கேயும் வருகிறான் என்று ஒரு சித்திரையில் மெட்ராஸே காலியாயிற்று. மயிலாப்பூர்க் குளக்கரையில் நாய்கள் மட்டும் படுத்துக் கிடந்தன. நாம் போகவில்லை. பெரியவன் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அந்த வருஷம் மழைக்காலத்தில், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். நீயும் அப்போது வீட்டில் இருந்தாய், ஆனால் அவரைப் பார்க்கப் பயந்து உள்ளே போய்விட்டாய். தோலும் எலும்புமாக இருந்தார். மலை ஏறுகிற வழியில், ஒரு ஓடை ஓரமாக, உன் அண்ணன் உட்கார்ந்துவிட்டானாம். “காய்ச்சல்மா. தூக்கிவுடறேன்னேன், வேணான்னான். ‘நீங்க போய்க்கினே இருங்கண்ணே, நான் பின்னாலயே வந்துடறேன்’னான். நாங்க போய்க்கினே இருந்தோம்” என்றார். அவ்வளவுதான் சேதி. உன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கால்ல செருப்பு இருந்துச்சாண்ணே?” அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “இருந்துச்சும்மா, நல்ல செருப்பு” என்றார்.

அதற்குப் பிறகு அடையாறு பாலத்தில் நடப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து மயிலாப்பூருக்கு நடந்து வருவேன். பாலத்தில் பாதி வந்ததும் பின்னால் காலடி கேட்கும். செருப்புக் காலடி. நான் நின்றால் அதுவும் நிற்கும். திரும்பினால் ஆறும் காற்றும்தான். பட்லருக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும், துரை கையைத் தட்டுவதற்கு முன் போய் நிற்க வேண்டும் என்று பழகின காது. அதனால் வந்த வினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும், இப்போது உன்னிடம் சொல்வதற்கு என்ன, பாலத்துக்கு நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன். பின்னால் வருகிறவன் எட்டிப் பிடிக்கட்டும் என்று.

துரையின் மகனும் மலாய் நாட்டில் பட்டாளத்தில் இருந்தான். சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவனைப் பற்றியும் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேசைக்கு வந்ததும் துரை தமக்கு ஊற்றச் சொல்வார், துரைசானிக்கு ஊற்றச் சொல்வார், அப்புறம் மகன் உட்காரும் காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைத்து அதிலும் ஊற்றச் சொல்வார். இருட்டறையில் மிச்சமிருந்த பழைய ஹாக்தான். நாற்காலியை நான் இழுத்துவிட வேண்டும், யாரோ வந்து உட்காரப் போகிறாற்போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைசானி என்னைக் கேட்டாள், உன் மகனும் பர்மாவிலிருந்து வரவில்லையாமே என்று. தலையாட்டினேன். அவளே எழுந்து போய் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து அந்த முதல் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். “உன் பையனுக்கும் ஊத்து, பட்லர்” என்றாள். ஊற்றினேன். தேன் நிறத்தில் இறங்கியது. அப்போது அந்த வாசனை வந்தது பார். விருந்து நாளில் நான் வாழைக்குக் கொட்டின வாசனைதான், ஆனால் இப்போது அது ஒயின் வாசனையாகவே இல்லை. சந்து முனையில் அவன் திரும்பிவிட்டான். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, சமையற்கட்டுக்குப் போய், வேலை இருக்கிறாற்போல அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறுதோறும் அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஏதோ பெரிய மரியாதை நடக்கிறாற்போல, உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துரை வீட்டு மேசையில் நம் பெரியவனுக்கும் ஒரு கிளாஸ் வைக்கிறார்கள் என்று. அவள் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. “படையலா போட்டுட்டீங்க? என் புள்ளைக்கா?” என்றாள். “படையல் இல்லடி. அவங்க ஊர்ல வரப்போறவனுக்குத்தான் அப்பிடி வெப்பாங்களாம்” என்றேன். “இன்னா ஊரோ! வர்றவனுக்கு எவளாச்சும் தொறந்து வெப்பாளா? செத்தவனுக்குத்தான்யா தொறந்து வெக்கறது!” என்றாள். பட்லராக எத்தனையோ வகை மேசை போட்டவன் நான், இது எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் நேரம் கழித்து வருகிறவனுக்குச் சோறு எடுத்து வைத்தால் மூடித்தான் வைப்போம். படையல்தான் இலையில் திறந்து கிடக்கும். நான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் கையாலேயே பெரியவனைத் திறந்துவைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதுவரைக்கும் பங்களா வாசலைக்கூட மிதிக்காத உன் அம்மா, சமையற்கட்டு வழியாக நேரே சாப்பாட்டு அறைக்குள் வந்துவிட்டாள். நான் நடுவில் கைநீட்டியதை அவள் பார்க்கவேயில்லை. மேசையிலிருந்த தேநீர்த் தட்டு ஒன்றை, கோப்பைக்கு அடியில் வைக்கிற சின்னத் தட்டு, எடுத்து ஏழுமலையின் கிளாஸ் மேல் கவிழ்த்தாள். துரை பாதி எழுந்துவிட்டார். துரைசானி என்னைப் பார்த்து, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். உன் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, அதை எப்படி மொழிபெயர்ப்பது? எனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில், மூடினால் வருவான், திறந்தால் வரமாட்டான், மேடம் என்றேன். மூன்றாம் பாரத்தில் என்னைத் தேறவிடாத வாத்தியார் கேட்டிருந்தால் மறுபடி ஒரு வருஷம் உட்கார வைத்திருப்பார். துரைசானிக்குப் புரிந்துவிட்டது. தன் கோப்பையைத் தூக்கி, அதன் அடித்தட்டை எடுத்து, தன் மகனுடைய கிளாஸ் மேல் மெதுவாகக் கவிழ்த்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்துதான் நம் வீட்டு அலமாரியில் அந்த மூடி போட்ட பித்தளைக் கிண்ணம். நீ லீவில் வரும்போதெல்லாம் காலையில் பழைய சோறு ருசியாக இருக்கிறது என்று வழித்துச் சாப்பிடுவாயே, அது ராத்திரி உன் அண்ணனுக்கு மூடி வைத்த சோறு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளைக்கெல்லாம் துரைக்குத் தகவல் வந்தது. மகன் சயாம் காட்டில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடுகிற கைதிகளோடு இறந்துபோயிருந்தான். அன்று என்ன கிழமை என்று பார்க்கவில்லை, மேசை போடச் சொன்னார்கள். நான் ஊற்றி, பழக்கத்தில் இரண்டையும் மூடினேன். துரைசானி வந்து தன் மகனுடைய கிளாஸிலிருந்து தட்டை எடுத்தாள். சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்தாள். ஏழுமலையின் தட்டைத் தொடவில்லை. ஒரு கிளாஸ் திறந்தும் ஒன்று மூடியுமாக அந்த மேசை இருந்த இருப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் அவர்கள் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். துரை எனக்கு இருட்டறையின் கடைசி பாட்டிலைக் கொடுத்தார். துரைசானி உன் அம்மாவுக்கென்று அந்தத் தேநீர்த் தட்டைக் கொடுத்தனுப்பினாள். கோப்பை இல்லாத ஒற்றைத் தட்டு. அக்கம்பக்கத்தில், இவ்வளவு வருஷம் உழைத்தவனுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பரிசைப் பார் என்று சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மதுவிலக்கு வந்த பிறகு அந்த பாட்டில் அரிசிப் பானைக்குள் இருந்தது. தெருவில் போலீஸ்காரர் நடந்தால் உன் அம்மா பானை மேல் உட்கார்ந்துகொள்வாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து சம்பந்தி கேட்டதைச் சொன்னேன். அவள் அரிசிப் பானையைக் காட்டினாள். “அத்த எட்றா... எடுய்யா” என்றாள். பதற்றத்தில் என்னையே டா போட்டுவிட்டாள், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பாட்டிலை எடுத்தேன். திருகினதில் கார்க் பொடிப் பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. துரை பார்த்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார். வேட்டி முனையில் வடிகட்டி ஒரு கண்ணாடி கிளாஸில் ஊற்றினேன். நல்லெண்ணெய் நிறம். உன் அம்மா மோந்துகூடப் பார்க்காமல் துரைசானியின் தட்டால் மூடிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். சரி, பத்திரிகையில் பெயர் போட வேண்டியதுதான், தமையன் ஏழுமலை, சம்பந்தி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு நிம்மதி.

விளக்கு வைக்கிற நேரம் அவள் வந்தாள். தட்டை எடுத்தாள். குனிந்தாள். அன்று பங்களாவில் அவள் கோபத்தில் வந்து மூடிவிட்டுப் போனவள்தானே, அந்த ஒயினின் வாசனையை அவள் அதுவரைக்கும் அறிந்ததில்லை. குனிந்தவள் நிமிரவே இல்லை. “குளிக்காமலே வந்து குந்திக்கினான் பாரு” என்றாள், கிளாஸைப் பார்த்து. ரொம்ப நேரம் கழித்து அலமாரியிலிருந்து பித்தளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, அதன் மூடியையும் எடுத்தாள். “எத்தினி வருசம்தான் அவனை வழியிலயே நிக்க வெக்கறது? கால் நோவாதா?” என்றாள். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சின்னவனே, இதுவரை எழுதினது உன் அம்மாவின் முடிவு. இனி உன் அப்பன் செய்த காரியம். விடிகாலையில் எழுந்தேன். கிளாஸ் திறந்து கிடந்தது. கை தானாகப் போய்த் தட்டை எடுத்து அதன் மேல் மூடிவிட்டது. இத்தனை வருஷம் அவள் பைத்தியக்காரத்தனமாக நம்புகிறாள், நான் விவரம் தெரிந்தவன், அவளுக்காகச் சும்மா இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தால் பாலத்தில் நின்று நின்று வந்தவன் நான்தான். உன் அம்மா பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். “மூடுனா மூடிக்கய்யா. எனக்கு ஆச்சு” என்று சொல்லிவிட்டுக் கோலம் போடப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். “இன்னாக்கா, வூடெல்லாம் கிருஷ்ணாயில் நாத்தம்? கடையில ஒரு சொட்டு கெடைக்கல, ஒனக்கு மட்டும் எங்க கெடச்சுது?” என்றாள். உன் அம்மா கோலத்திலிருந்து தலையைத் தூக்காமல், “பெரியவன் வந்துட்டுப் போயிருக்கான்” என்றாள்.

ஆகவே முடிவு இது. பத்திரிகையில் அண்ணன் பெயர் வேண்டாம். படையலில் அவனுக்குத் துணி வைப்போம். சம்பந்தியிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை சுத்தியல் சத்தத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன். துணியை நீ வாங்கிக்கொண்டு வா. வேட்டி எதுவானாலும் சரி, சட்டை மட்டும் நல்லதாக இருக்கட்டும், தோளில் கொஞ்சம் அகலமாக எடு. படைத்த பிறகு அதை வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் உடுத்த வேண்டும், அது நீதான். உனக்குத் தொளதொள என்றுதான் இருக்கும், பரவாயில்லை.

புத்தி சொல்லாத அப்பன் உண்டா? அதனால் ஒன்றே ஒன்று. ரயில் உத்தியோகம் உன்னுடையது, நேரம் காலம் இருக்காது. வருகிற பெண் உனக்குச் சோறு மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் எதை வேண்டுமானாலும் சொல், கோபமாகக்கூடப் பேசு, ‘நீ போ, நான் பின்னாலயே வரேன்’ என்று மட்டும் சொல்லாதே. சொல்லிவிட்டால் வந்துவிடு.

கிளாஸ் இன்னும் அலமாரியில் மூடியபடியே இருக்கிறது. படையலன்று அதையும் இலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தத் தட்டை என் கையால் எடுக்க முடியவில்லை, முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். உன் அம்மா ஒரு தடவை எடுத்தாகிவிட்டது, மறுபடியும் அவளை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ வந்து எடுத்துவிடு. ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்கு வா. எஞ்சின் கரியும் எண்ணெயுமாக இருக்கிறதே, குளித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதே. அந்த வாசனையோடேயே சந்து முனையில் திரும்பு.

உன் நைனா